அலசிட்டு வாரேன்

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். விசில் ஊதிக் கூட்டத்தை நிறுத்துகிற வேலைக்கு அது நல்லதுதான் என்று எங்கள் கமாண்டர் பாண்டியராஜ் சார் சொல்வார். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் பெண்கள் குளிக்கிற பக்கம் காவலுக்கு நிற்கும் ஊர்க்காவல் படைக்காரி நான். மற்ற நாட்களில் மேலகரத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர் என்பதால் இந்தப் பக்கம் யாராவது தடுக்கி விழுந்தால் ஒரு குழல்வாய்மொழி மேல்தான் விழ வேண்டும். அதனால் என்னை மொழி என்று சுருக்கிவிட்டார்கள்.

எந்த அருவியில் நிற்கிறேன் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே கூட்டம் குறைந்துவிடும், கடைக்காரர்கள் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். அருவிக்குப் போகிற பாதையில் நைட்டியும் துண்டும் விற்கிற சாஜிதா என் சிநேகிதிதான். அவளே முதல் ஆளாக வருவாள்.

பெண்கள் பக்கம் நிற்பவளுக்கு நாள் முழுக்க ஒரே வேலை. நன்றாக அடிக்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டு நகராதவர்களை நகர்த்த வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஒரு சாக்கு இருக்கும். இப்போதுதான் வந்தேன் என்பாள் ஒருத்தி. கழுத்து வலிக்கு டாக்டரே சொல்லியிருக்கிறார் என்பாள் இன்னொருத்தி. இவர்களை எல்லாம் ஒரு அதட்டலில் கிளப்பிவிடலாம். எண்ணெய்த் தலைக்காரிகளிடம்தான் என் பாச்சா பலிக்காது. லாட்ஜிலேயே உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, சீயக்காயைக் கவரில் முடிந்து இடுப்பில் ஒளித்துக்கொண்டு வருவார்கள். எண்ணெய், சோப்பு, சீயக்காய் எதற்கும் அனுமதி இல்லை என்று போர்டு இருக்கிறது. அந்தப் போர்டிலேயே யாரோ சாய்ந்து நின்ற எண்ணெய்க் கறை ஒரு ஆள் உயரத்துக்கு இருக்கிறது. எண்ணெய் வைத்த தலையை அலசாமல் பாதியில் வெளியே வருவதென்றால் எந்தப் பெண்ணுக்கும் மனசு வராது. பிசுபிசுவென்ற தலையோடு எப்படி பஸ் ஏறுவது, எப்படி ஊர் போய்ச் சேருவது? எனக்கே வராது.

போன வருஷம் சித்திரையில் நடந்தது அது. சித்திரை என்பது குற்றாலத்துக்குச் சீசனே இல்லை. அந்த மாதத்தில் பாறையில் நூல் போலத் தண்ணீர் வழிந்தால் பெரிய விஷயம். ஆனால் இந்தச் சில வருஷங்களாக எல்லாம் தலைகீழ். ஆனியில் வர வேண்டிய சாரல் வருவதில்லை. வெயிலில் வறுபட வேண்டிய நேரத்தில் மலைமேல் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. அன்றைக்கும் அருவியில் தண்ணீர் விழுகிறது என்று வாட்சப்பில் பரவி, எதிர்பாராத கூட்டம். எங்களை அவசரமாகக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

கீழே பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேலே காட்டுக்குள் மழை பெய்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. முதலில் தண்ணீரின் சத்தம் மாறியது. பிறகு நிறம் மாறியது. விசிலை ஊதினேன். பெண்கள் அலறிக்கொண்டு படியேறினார்கள். ஒருத்தி மட்டும் சுவரோரம் நின்று, முழங்கால் வரை தொங்கும் கூந்தலில் சீயக்காயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, வெளிய வா" என்று கத்தினேன்.

"யக்கா, ஒரு நிமிஷம். தலையை அலசிட்டு வாரேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். அந்த நேரத்தில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அவளையும் பிடித்திருந்தேன். எண்ணெய் தேய்த்த கை. நான் இறுக்க இறுக்க அது வழுக்கிக்கொண்டே போனது. மணிக்கட்டு, உள்ளங்கை, விரல் என்று ஒவ்வொன்றாகப் போய்விட்டது. சாயங்காலம் அவள் உடலைக் கீழே பாறை இடுக்கில் எடுத்தார்கள். ராயகிரி ஊர்க்காரி என்றும், பெயர் முத்துசெல்வி என்றும் அப்புறம்தான் தெரிந்தது.

என்மேல் தப்பு இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். தப்பு இல்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

அதற்குப் பிறகு எனக்கு மேகம் ஆகாமல் போனது. மலைமேல் கறுத்தால் போதும், தையலை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். போனில் வானிலை சொல்கிற ஆப் ஒன்றுக்கு நாலாக ஏற்றி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்ப்பேன். ஒன்று மழை என்னும், ஒன்று இல்லை என்னும், நான் இரண்டுக்கும் பயப்படுவேன். தைத்த ஜாக்கெட்டில் ஒரு கை இறுக்கம், ஒரு கை தொளதொளப்பு. எதிர்வீட்டு ஜெனி டீச்சர் அதைப் போட்டுக்காட்டி, "எனக்கு ஒரு கை வீங்கியிருக்குன்னு நினைச்சிட்டியா மொழி?" என்று கேட்டாள். சிரிப்பு வரவில்லை எனக்கு.

என் வீட்டுக்காரர் வேல்சாமி பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு டெம்போவில் காய்கறி லோடு அடிக்கிறவர். "ஏட்டி, நீ முறைச்சுப் பாத்தா மேகம் பயந்து திரும்பிப் போயிருமா?" என்பார். கிண்டலாகச் சொன்னாலும் போகிற வழியில் எங்கே மழை, எங்கே இல்லை என்று போன் பண்ணிச் சொல்லிவிடுவார்.

பயத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கோபத்தைத்தான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. உலகம் முழுக்கப் புகையைக் கக்கிவிட்டு ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மேல் கோபம். மழை பெய்கிற மலைமேல் கோபம். எல்லாவற்றையும்விட முத்துசெல்வி மேல் கோபம். ஒரு தலைக்காகவா உயிரை விட்டாய், அப்படி என்னடி உன் கூந்தல் என்று மனசுக்குள் அவளோடு சண்டை போடுவேன். செத்துப்போனவளைத் திட்டுகிறோமே என்று அப்புறம் என்னையே திட்டிக்கொள்வேன்.

மார்கழியில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ஒரு கல்லூரியிலிருந்து வந்த சார் படம் போட்டு விளக்கினார். கடல் சூடாகிறது, காற்று நிறையத் தண்ணீரைச் சுமந்து வருகிறது, வருஷத்துக்குப் பரவிப் பெய்ய வேண்டியது ஒரே மணி நேரத்தில் ஒரே இடத்தில் கொட்டுகிறது என்றார். நல்ல மனுஷர், நன்றாகப் புரிந்தது. கடைசியில், "இனிமே இதுதான் நார்மல். பழகிக்கணும்" என்றார்.

நான் எழுந்தேன். "பழகிக்கிடுதோம் சார். அருவியில நிக்கவ என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க."

"விழிப்புணர்வு ஏற்படுத்தணும்மா" என்றார் அவர்.

விழிப்புணர்வு. எனக்கு அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. பாத்ரூம் போகிறேன் என்று வெளியே வந்து, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வீணாகிறதே என்று பாதியில் மூடியும் விட்டேன்.

வைகாசி பிறந்ததும் பாண்டியராஜ் சார் போன் செய்தார். "மொழி, சீசன் டூட்டிக்குப் பேர் கொடுக்கணும். எழுதிக்கிடட்டுமா?"

"என்னால முடியாது சார்."

"பொம்பளப் பக்கத்துக்குச் சத்தம் போட உன்னை விட்டா ஆள் இல்ல. ரெண்டு நாள் யோசி."

யோசிக்க என்ன இருக்கிறது என்று போனை வைத்தேன். ஆனால் யோசனை விடவில்லை. நான் போகாவிட்டால் அந்த இடத்தில் விவரம் தெரியாத இன்னொருத்தி நிற்பாள். போனாலும், விசில் ஊதுவேன், இன்னொரு எண்ணெய்த் தலைக்காரி ஒரு நிமிஷம் என்பாள். போய் நின்றும் அதே மாதிரி இன்னொரு கை வழுக்கிப் போனால், அதன் பிறகு நான் மனுஷியாக இருக்க மாட்டேன் என்று தெரிந்தது. இதை வேல்சாமியிடம் சொன்னேன். அவர், "அந்தப் பிள்ள வீட்டுக்கு ஒருக்கப் போயிட்டு வருவமா? நீ அவளோடயே பேசிக்கிட்டு இருக்க. அவ ஆளுககிட்ட ஒரு வார்த்த பேசலயே" என்றார்.

அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. விசாரணையில்கூட, வரச் சொன்னேன், அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது என்றுதான் சொல்லியிருந்தேன். சொன்னால் அவளைப் பற்றி ஊர் தப்பாகப் பேசும் என்ற நினைப்பு.

வாசுதேவநல்லூரில் ஒரு லோடை இறக்கிவிட்டு, காலி டெம்போவோடு ராயகிரி போனோம். முத்துசெல்வியின் புருஷன் சங்கிலிப்பாண்டி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். என்னைவிடச் சின்னவன். மக்காச்சோளக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். காடு என்று சொல்லக் கூசும், அவ்வளவு காய்ந்து கிடந்தது. நாற்காலி எடுத்துப் போட்டு, கேனிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் பிடித்துக் கொடுத்தான்.

"தம்பி, அவ கடைசியா ஒண்ணு சொன்னா. உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல" என்றேன்.

"சொல்லுங்கக்கா."

"நான் கூப்பிட்டேன். தலையை அலசிட்டு வாரேன்னு சொன்னா." பேசும்போதே எனக்குக் குரல் ஏறிவிட்டது. "அந்தத் தலையை வீட்டுல வந்து அலசியிருக்கக் கூடாதா தம்பி? ஒரு நாள் எண்ணெயோட இருந்தா என்ன ஆயிரும்?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேல்சாமி என்னை முறைத்தார். சங்கிலிப்பாண்டிக்குக் கோபம் வரவில்லை. வாசலில் கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்களைக் காட்டினான்.

"வீட்டுல எங்கன அலச? போர் வத்தி அப்பவே ரொம்ப நாளாச்சு. பஞ்சாயத்துத் தண்ணி என்னைக்காவதுதான் வரும், வந்தாலும் குடிக்கப் பொங்கத்தான் பத்தும். அவ முடிக்கு நாலு குடம் வேணும். மாசியில இருந்து அவ தலைக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்கல. சிக்கு விழுந்து, பேன் பிடிச்சு, வெட்டிப் போட்டுருதேன்னு கத்திரிக்கோலை எடுத்துட்டா. நான்தான் வெட்டாத, குத்தாலத்துல தண்ணி விழுதாம், கூட்டிட்டுப் போறேன், ஆச தீரக் குளின்னு சொன்னேன்."

ஒரு வருஷமாக அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். எதற்கு நின்றாள் என்று ஒரு தடவைகூட யோசித்துப் பார்க்கவில்லை. மாதக்கணக்கில் அரைக் குடம் தண்ணீருக்குக் கணக்குப் பார்த்தவள், தலைமேல் அப்படிக் கொட்டும்போது எப்படி வெளியே வருவாள்? அவள் ஊரில் தண்ணீர் இல்லாமல் போனதும் என் அருவியில் தண்ணீர் எகிறி வந்ததும் ஒரே கோளாறுதான். இரண்டு பக்கமும் அது அவளைத்தான் பிடித்திருக்கிறது. அவள்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது. மற்றக் கோபம் இருந்தது. இன்னும் இருக்கிறது.

சங்கிலிப்பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "வெளியில வந்தா ரெண்டு குடம் தண்ணி இருக்கு, அங்கன அலசிக்கன்னு சொல்லியிருந்தா வந்திருப்பாளாக்கா?"

மனுஷன் ஒரு வருஷமாக இப்படி ஆயிரம் 'இருந்தா'க்களை எண்ணிக்கொண்டிருப்பான். அதில் இதுவும் ஒன்று. பொய் சொல்ல மனமில்லை.

"வந்திருப்பா தம்பி" என்றேன்.

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். வேல்சாமி போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் குடங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது புளியங்குடி தாண்டியதும் தலையைத் திருப்பிக் காலி டெம்போவின் பின்பக்கத்தைப் பார்த்தேன். பிறகு கேட்டேன், "ஏங்க, இந்த டெம்போவுல பெரிய டிரம் எத்தனை ஏறும்?"

"எதுக்குட்டி?"

"நான் டூட்டிக்குப் போறேன்."

அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார், வண்டியை ஓட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரியும், நான் இந்தக் குரலில் பேசினால் பதில் சொல்லக் கூடாது என்று.

மறுநாளே பாண்டியராஜ் சாரைக் கூட்டிக்கொண்டு, அருவியைப் பராமரிக்கிற ஆபீசுக்குப் போனேன். அருவிக்கு வெளியே, மேட்டுப் பக்கமாக ஒரு மறைப்புக் கட்டி டிரம்களில் தண்ணீர் வைக்க அனுமதி கேட்டேன். எண்ணெய்த் தலையோடு வெளியே வருகிறவர்கள் அங்கே அலசிக்கொள்ளட்டும், அது தெரிந்தால், போன வருஷ விபத்துக்குப் பிறகு வைத்திருக்கிற சைரன் ஊதும்போது தயங்க மாட்டார்கள் என்று விளக்கினேன். அதிகாரி முழுக்கக் கேட்டார்.

"அருவியில எண்ணெய்க்குத் தடை இருக்கேம்மா."

"இருக்கு சார். போர்டு மேலேயே எண்ணெய் இருக்கு."

"தடை பண்ணின ஒண்ணுக்கு நாமளே வசதி செஞ்சு கொடுத்தா, எண்ணெய் வச்சுட்டு வாங்கன்னு நாமளே கூப்பிடுத மாதிரி ஆயிரும். நாளைக்கு யாராவது கேஸ் போட்டா நான்தான் பதில் சொல்லணும். எண்ணெயோட வாரவங்களை உள்ள விடாம பிடிங்க."

"குப்பியில இருந்தா பிடிக்கலாம் சார். தலைக்குள்ள ஊறினதை எப்படிப் பிடிக்க? சினிமா தியேட்டரா, ஒவ்வொரு தலையாத் தடவிப் பாத்து விட?"

பாண்டியராஜ் சார் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர் என்று வரிசையாக இருக்கிறார்கள். "எங்க எல்லைக்குள்ள வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே, "எல்லைக்கு வெளிய யாரு என்ன வைக்காங்கன்னு நான் பாக்க முடியாது" என்றார்.

எல்லைக்கு வெளியே முதல் கடை சாஜிதாவுடையது. அவள் எகிறினாள். "உனக்குக் கிறுக்கா மொழி? என் கடைக்குப் பின்னால சகதியாக்கவா? புது நைட்டியெல்லாம் சீயக்காய் நாறும்."

"ஈரத்தோட வாரவ துண்டு வாங்காமப் போவாளாட்டி?"

அதற்கு மசிகிற ஆள் இல்லை அவள். கொஞ்ச நேரம் நைட்டிகளை மடித்தாள். பிறகு அவளாகவே பேசினாள். அவள் புருஷன் இத்ரீஸ் சவூதியில் கட்டட வேலையில் இருக்கிறார். கோடையில் மத்தியானம் வெளியில் வேலை செய்யக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. அப்படியும் போன வாரம் காலையிலேயே மயங்கி விழுந்துவிட்டாராம்.

"போன்ல சிரிக்காரு. எனக்குத்தான் ஈரக்குலை நடுங்குது" என்றாள் சாஜிதா. "உனக்கு மேகத்தைப் பாத்தா பயம். எனக்கு வெயிலைப் பாத்தா பயம். அங்க போயி அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணி கொடுக்க என்னால முடியாது. இங்கன வேணும்னா வை, போ. தார்ப்பாய் நான் தாரேன்."

கடைக்குப் பின்னால் மேட்டில் பச்சைத் தார்ப்பாய் கட்டி, உள்ளே நீல டிரம்களை வரிசையாக நிறுத்தினோம். கொசு முட்டையிடாமல் மூடி போட்டோம். வேல்சாமி ஒன்று விட்டு ஒரு நாள் டெம்போவில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார். அரைத்த சீயக்காயும் ஒரு வாளியில் வைத்தேன்.

ஆனி பாதிக்கு மேல்தான் சாரல் விழுந்தது. முதல் நாள் டூட்டிக்கு, போனில் நாலு ஆப்பையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். பயம் போகட்டும் என்று காத்திருந்தால் சீசனே முடிந்துவிடும் என்பதால் பயத்தையும் கூட்டிக்கொண்டே போனேன். உள்ளே நுழைகிற பாதையில் நின்று, எண்ணெய் மினுங்குகிற ஒவ்வொரு தலையையும் நிறுத்தினேன். எண்ணெய்க் குப்பி, சீயக்காய்க் கவர் கண்ணில் பட்டால் பிடுங்கிவைத்தேன்.

"சைரன் கேட்டா, தலை எந்தக் கோலத்துல இருந்தாலும் வெளிய வரணும். அந்தப் பச்சைத் தார்ப்பாய்க்குப் பின்னால தண்ணி இருக்கு, சீயக்காய் இருக்கு. அங்கன அலசிக்கிடலாம். சரின்னு சொல்லு."

வாய் திறந்து சரி என்று சொன்னால்தான் விடுவேன். சிலர் சிரித்தார்கள். இவ்வளவு பெரிய அருவியை வைத்துக்கொண்டு டிரம்மைக் காட்டுகிறாளே என்று கேலி செய்தார்கள். தண்ணீர் விற்கிறேன் என்று நினைத்து விலை கேட்டவர்களும் உண்டு. டீக்கடைக்காரர்கள் எனக்கு டிரம் மொழி என்று பெயர் வைத்தார்கள். பல நாட்கள் அந்த மறைப்புக்குள் ஒரு ஈ காக்கைகூட நுழையவில்லை. வேல்சாமி நிரப்பிய தண்ணீரை அவரே திறந்து, பக்கத்து வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டு மறுபடியும் நிரப்பினார். நிறுத்திவிடலாமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் அது வந்தது. நல்ல கூட்டம். லேசான தூறலும் வெயிலும் மாறி மாறி அடித்தன. அருவி சாதுவாக விழுந்துகொண்டிருந்தது. மலை உச்சி மட்டும் தெரியவில்லை. என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்று நினைக்கும்போதே வாக்கி டாக்கியில் மேலே காட்டில் காவல் நிற்கிற ஆளின் சத்தம் வந்தது. அடுத்து சைரன் ஊதியது.

விசிலை ஊதினேன். போன வருஷம் போலவே அலறல், தள்ளுமுள்ளு. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. எண்ணெய்த் தலைக்காரிகள் அருவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தார்ப்பாய் எங்கன, தார்ப்பாய் எங்கன" என்று கேட்டுக்கொண்டே படியேறினார்கள். நான் முந்தி, நீ முந்தி என்று டிரம்முக்கு இடம் பிடிக்கிற அவசரம் அவர்களுக்கு.

திரும்பிப் பார்த்தேன். உள்ளே ஒருத்தி நின்றாள். நல்ல பருமனான அம்மா. எனக்குத் தெரியாமல் கொண்டுபோன சீயக்காயைத் தலை முழுக்க அப்பியிருந்தாள். அது கண்ணில் வழிந்து, கண்ணைத் திறக்க முடியாமல் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, வெளிய வாங்க."

"கண்ணு எரியுது. ஒரு நிமிஷம், அலசிட்டு வாரேன்."

அதே வார்த்தை. தண்ணீரின் சத்தம் மாறுவது கேட்டது. அவள் கையைப் பிடிக்கவில்லை நான். தோளில் நைட்டியை இரண்டு கையாலும் கொத்தாகச் சுருட்டிப் பிடித்தேன்.

"வெளிய தண்ணி இருக்குன்னு சொன்னேம்லா. நீங்க சரின்னு சொன்னீங்க. சொன்னீங்களா, இல்லியா?"

"சொன்னேன், ஆனா..."

"அப்ப நடங்க."

அவள் நடந்தாள். கண்ணை மூடியபடி, என்னை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே, ஒவ்வொரு படியாகக் காலால் தடவி ஏறினாள். பாதிப் படியில் பாண்டியராஜ் சார் வந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டார். நாங்கள் மேலே வந்து சேர்ந்ததும் பின்னால் இடித்துக்கொண்டு இறங்கியது வெள்ளம். செம்மண் நிறத்தில், ஒரு முழு மரத்தையும் உருட்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மா நின்ற சுவரோரத்தை மூடியது. நான் போன வருஷம் பிடித்திருந்த கம்பி கண்ணுக்கே தெரியவில்லை. உள்ளே யாரும் இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன், ஒருவரும் இல்லை.

அவளைத் தார்ப்பாய்க்குள் கொண்டுபோனேன். உள்ளே நிற்க இடமில்லை. சாஜிதா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொரு தலையாக ஊற்றிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு செம்பை எடுத்தேன். நாலைந்து செம்பு ஊற்றிய பிறகுதான் அந்த அம்மாவுக்குக் கண் திறந்தது. பின்னால் என்ன வந்தது என்று அவள் பார்த்திருக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா? வாசுதேவநல்லூர்ல இருந்து பஸ் மாறி பஸ் மாறி வந்தேன், அருவியில ஒரு தலை முழுக. இங்கன வந்து டிரம்முல குளிக்கவா? டிரம் எங்க வீட்டுல இல்லியா? தோளைப் பிறாண்டி வச்சிருக்க பாரு. என் பேரு ஜெபமலர். உன்மேல ஆபீசர்கிட்ட எழுதிக் கொடுக்காம நான் ஊர் போக மாட்டேன்."

எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, சிரிப்பும் வந்தது. சாஜிதா ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏட்டி, இவ்வளவு ஏசுதாங்க, வாயை மூடிட்டு நிக்க. ஏதாவது சொல்லு."

அந்த அம்மா இன்னும் ஏச வேண்டும், ஏசிக்கொண்டே இருக்க வேண்டும் என்றிருந்தது. மூச்சு வாங்கி வாங்கி, சிவந்த கண்ணோடு, கையை ஆட்டி ஆட்டி ஏசினாள். பிறகு தலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"இன்னும் பிசுபிசுங்குது. என்ன பாத்துட்டு நிக்க, இன்னொரு செம்பு ஊத்து."

ஊற்றினேன்.